இணைமேடையின் பழுதுக்குக் குடவோலை

உத்திரமேரூர்
திருவள்ளுவர் ஆண்டு 2038, ஆனித் திங்கள்
(உன் அலுவலகக் கணக்கில் 2007)

அன்பிற்கினிய இளவல் முத்துகிருஷ்ணனுக்கு,

உத்திரமேரூர்த் தமிழ் மன்றத்தின் தலைவியும் உன் தமக்கையுமாகிய ஞானசுந்தரி எழுதும் மடல். இங்கு நானும் என் துணைவராகிய உன் மாமா கோபாலும் நலம். சென்னையில் நீயும் தேவகியும் பிள்ளைகளும் நலமென்றே கொள்கிறேன். நலமில்லையெனினும் அதை உசாவும் மனநிலையில் இம்மடலை நான் தொடங்கவில்லை. காற்று மிகுந்திருப்பதால், உன் பொதியில் மிகையாக வந்திருந்த அந்தக் கறுப்புக் கட்டையைத் தாளின்மேல் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மடிக்கணினிக்கென ஒரு மின்னூட்டி இருக்கையில், அதே உருவில், அதே வாலோடு, இன்னொன்றையும் சேர்த்தனுப்பிய உன் தாராளம் அன்று என்னை நெகிழ வைத்தது. இன்றோ, தாள் பறவாமல் காக்கும் இதுவொன்றே நீ இவ்வூருக்குச் செய்த உதவி.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கேள். சித்திரையில் மானாம்பதி வாசகர் வட்டத்தின் ஆண்டு விழாவில் நான் பேசினேன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடத்தில் ஓலையிட்டு ஆட்சியாளரைத் தேர்ந்தெடுத்த ஊர் எம் ஊர், கணக்குக் காட்டாதவன் தேர்தலில் நிற்கவும் கூடாதென்று கல்லில் வெட்டி வைத்த ஊர் எம் ஊர் என்று நான் முழங்கியபோது பந்தலின் துணி அதிர்ந்ததை உன் மாமாவே ஒப்புக்கொள்கிறார். நான் அமர்ந்ததும் அவ்வட்டத்தின் தலைவர் பெஞ்சமின் எழுந்தார். இருபதாண்டுகளாக எனக்கு எதிரணியில் நின்று பேசுபவர் அவர். "ஞானம்மா பேச்சு சூப்பராத்தான் கீது. ஆனா அந்தக் கல்லுல இன்னா எழுதிக்கீதுன்னு நம்மள்ல யாரு படிச்சோம்? அவங்க சொன்னா நாம நம்பணும், அவ்ளோதான்!" என்றார். கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்தின் முன் நான் அமர்ந்திருந்ததாக நம் குடியில் எவரும் சொல்லிவிட முடியாது. ஒலிவாங்கியைப் பற்றினேன். "எம் மன்றத்தின் வெள்ளி விழாவில் அக்கல்வெட்டின் எழுத்தொவ்வொன்றையும் வெண்திரையில் ஒளியாய் எழுப்புவேன்! அவ்வொளி எழாதவரை வேறெந்த மேடையிலும் என் குரல் எழாது!" என்று சூளுரைத்தேன். கைத்தட்டல் ஓய்ந்த பின்புதான், எம் மன்றத்தில் கணினியே இல்லை என்பது என் நினைவுக்கு வந்தது.

அதனால் உன்னை அழைத்தேன். உன் அலுவலகம் கழித்துவிட்ட மடிக்கணினி ஒன்றில் கல்வெட்டின் படங்களை ஏற்றி அனுப்புவதாகச் சொன்னாய். "அக்கா, அதுல புரொஜெக்டர் சொருகுற எடம் ஒடஞ்சிட்டுது. கவலப்படாத, டாக்கிங் ஸ்டேஷன் ஒண்ணும் சேத்து அனுப்புறேன். அதும்மேல லேப்டாப்ப ஒக்கார வெச்சி அமுக்கு. டக்குன்னு சத்தம் வரும். புரொஜெக்டர அதும் பின்னால சொருகிடு. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலு, கண்டிப்பா சேரும்" என்றாய். சொன்னாயா, இல்லையா? அத்தட்டுக்கு 'இணைமேடை' என்று அன்றே பெயர் சூட்டினேன். மேடையின்றி வாய் திறவாத ஒரு கணினி! உண்மையைச் சொல்கிறேன், அதன்பால் எனக்கு உடன்பிறந்த உணர்வே உண்டாயிற்று.

ஒத்திகை நாளன்று மன்றத்தில் அதை நிறுவினோம். கடைத்தெருவில் ஒலிபெருக்கி நிலையம் வைத்திருக்கும் மக்பூலை நீ அறிவாய். என் குரலுக்கேற்ற ஒலிபெருக்கி இம்மாவட்டத்தில் அவரிடம் மட்டுமே உண்டு. நீ புரொஜெக்டர் என்றாயே, அந்த ஒளிவீழ்த்தி ஒன்றைக் காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். மடிக்கணினியை இணைமேடையில் அமர்த்தி அமுக்கினேன். 'டக்' என்ற ஓசை வந்தது. நீ சொன்னதில் மெய்யானது அவ்வோசை ஒன்றுதான். கணினியின் சொந்த முகம் ஒளிர்ந்தது, வெண்திரையிலோ நீலம். அந்நீலத்தில் 'நோ சிக்னல்' என்ற இரு ஆங்கிலச் சொற்கள், ஒரு தமிழ் மன்றத்தின் உள்ளே, இடமும் வலமுமாக உலாவின!

"ஒயரு லூசா கீதுக்கா" என்று மக்பூல் வடத்தை மாற்றினார். நீலம் மாறவில்லை. மின்செருகியை வேறு துளையில் செருகினார். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழலால் இணைமேடையின் பற்களில் தூசி ஊதினார். கழற்றி அமர்த்தினோம்; 'டக்'. மீண்டும் கழற்றி அமர்த்தினோம், 'டக்'. "ரெண்டுக்கும் ஜோடி சேரல போலக்கா" என்று அவர் நெற்றியைத் துடைத்தார். "ஒரே கம்பெனின்னா சேந்துருமா? நானும் உங்கக்காவும் ஒரே ஊருதான், இன்னா சேந்துது?" என்று உன் மாமா நடுவில் புகுந்தார். அவரை வெளியேற்றிவிட்டு உன்னை அழைத்தேன். நீ என்ன சொன்னாய்? "மீட்டிங்ல இருக்கேன்க்கா, ரீஸ்டார்ட் பண்ணு." அத்துடன் வைத்துவிட்டாய். உன் சொல்லுக்கு மதிப்பளித்து அணைத்து அணைத்து எழுப்பினோம். ஒவ்வொரு முறையும் புத்துணர்வோடு எழுந்து அது அதே நீலத்தைக் காட்டிற்று. பின்பு அழைத்தபோதெல்லாம் உன் கைப்பேசி உறங்கியது.

அதன்பின் மன்றத்தில் பூசல் மூண்டது. மக்பூல் இணைமேடைமேல் பழி போட்டார். மன்றச் செயலர் அருள்தாஸ் ஒளிவீழ்த்தியைக் குற்றம் சொன்னார். வெளியேற்றப்பட்ட உன் மாமா பலகணி வழியாகத் தலையை நீட்டி, "கரண்டே சரியில்ல" என்றார். வடமே காரணம் என்பது என் கருத்து. குரல்கள் உயர்ந்தன. கருத்து வேறுபாட்டைத் தீர்க்க உலகம் உத்திரமேரூரிடம் கற்ற வழி ஒன்று இருக்க, உத்திரமேரூரே சண்டையிடலாமா? "குடவோலை!" என்றேன். தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துத் துடைத்தோம். விழா அழைப்பிதழை ஓலையளவாக நறுக்கி, வடம், மின்சாரம், ஒளிவீழ்த்தி, இணைமேடை என்று என் கையாலேயே எழுதினேன். "ஒன் தம்பி பேரையும் போடு. அனுப்பிச்சது அவன்தானே?" என்றார் பலகணியில் இருந்த உன் மாமா. அறம் அதுவே, உன் பெயரையும் எழுதினேன். உள்ளே இருப்பது அறியாதவரே ஓலை எடுக்க வேண்டும் என்பது முறை. "இந்த மிஷின்ல உள்ள இன்னா கீதுன்னு சுத்தமா தெரியாதவன் நான்தான்" என்று உன் மாமாவே முன்வந்தார். அத்தகுதியை ஒருவரும் மறுக்கவில்லை. குடம் குலுக்கப்பட்டது. ஓலை எடுக்கப்பட்டது. 'முத்துகிருஷ்ணன்' என்று உரக்கப் படிக்கப்பட்டது.

"அப்போ மத்ததெல்லாம் செக் பண்ண வேணாமாக்கா?" என்று மக்பூல் கேட்டார். தேர்தல் முடிந்தபின் தோற்றவர்களைத் துருவுவது மக்களாட்சிக்கு இழுக்கு என்று விளக்கினேன். உன்மீது கண்டனத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதன்பின் எவரும் எதையும் தொடவில்லை.

விழா நாள் வந்தது. புள்ளலூரிலிருந்தும் ஐயங்கார்குளத்திலிருந்தும் கூட ஆட்கள் வந்திருந்தார்கள். முன்வரிசையில் பெஞ்சமின். என் பின்னால் வெண்திரை, அதில் நீலம், அந்நீலத்தில் அவ்விரு சொற்கள். "ஞானம்மா, பின்னாடி இன்னாமோ எழுதிக்கீதே, அதான் கல்வெட்டா? சோழன் இங்கிலீஷ்ல வெட்டிக்கிறானே!" என்றார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கல்வெட்டை நெஞ்சிலிருந்து ஓதத் தொடங்கினேன். எவர் நிற்கலாம், எவர் நிற்கக் கூடாது, குடம் எப்படி வைக்கப்பட வேண்டும், ஓலை எவ்வாறு எடுக்கப்பட வேண்டும் என்று வரிவரியாகக் காற்றில் விரலால் எழுதி எழுதிச் சொன்னேன். சிரிப்பு நின்றது. குழந்தையின் அழுகை நின்றது. முறுக்கு விற்பவரும் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார். இளவலே, என் வாழ்நாளில் நான் அப்படிப் பேசியதில்லை. இனி எவரும் பேசப்போவதுமில்லை. முடித்தபோது பெஞ்சமினே முதலில் எழுந்து கைத்தட்டினார்.

ஆயினும் சொன்ன சொல் சொன்ன சொல்தானே? ஒளி எழவில்லை. தோளிலிருந்த பொன்னாடையை மடித்து ஒலிவாங்கியின்மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். "இன்னாக்கா இது பேஜாரு! எறங்காதீங்க, நான் மைக்க ஆப் பண்ண மாட்டேன்!" என்று மக்பூல் கத்தியது எட்டு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது. மறுநாள் பெஞ்சமின் வீட்டுக்கே வந்துவிட்டார். "ஏம்மா, அடுத்த மாசம் எங்க பட்டிமன்றம் கீது. நீங்க வரலன்னா நான் யார எதுத்துப் பேசுவேன்? செவுத்தையா?" என்றார். "சுவரோடு பேசிப் பழகுங்கள், அதுவாவது உங்களை மறுக்காது" என்று தேநீர் கொடுத்து அனுப்பினேன். அவர் போனபின் நெடுநேரம் அந்தத் தேநீர்க் குவளையை நான் எடுக்கவில்லை.

ஆகவே அறிக. இனி நான் மேடையேறேன். உன் புதுமனை புகுவிழாவுக்கும் வரமாட்டேன். தமக்கை ஏற்ற வேண்டிய விளக்கை, ஓசைக்கு மட்டும் 'டக்' என்னும் உன் இணைமேடையே ஏற்றட்டும். மடிக்கணினியும் அதன் மேடையும் உன் மாமா கையில் பேருந்தில் வந்து சேரும். இணையாதவற்றை இணையுமென்று சொல்லும் தொழிலில் நீ மேன்மேலும் ஓங்குக! தேவகியும் பிள்ளைகளும் நீடு வாழ்க! தமிழ் வெல்க!

மேடை துறந்த,
ஞானசுந்தரி

பின்குறிப்பு: எழுதியதைக் கிழிப்பது என் வழக்கமன்று, ஆதலால் மேலேயுள்ளது அப்படியே இருக்கட்டும். மடலை மடிக்கத் தாளின்மேல் இருந்த கறுப்புக் கட்டையை எடுத்து உன் மாமாவிடம் கொடுத்தேன். பொதி கட்டிக்கொண்டிருந்த அவர், அதன் வால் தொங்குகிறதென்று இணைமேடையின் பின்புறம் இருந்த ஒரு துளையில் செருகி வைத்தார். செருகியது, தம்பி, அளவெடுத்தாற்போல் செருகியது! மறுமுனையை நானே சுவரில் பொருத்தினேன். இணைமேடையின் நெற்றியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த மேடைக்கென்று தனியே உணவு உண்டென்பதை எனக்கு எவர் சொன்னார்? ஒளிவீழ்த்தியை இன்னும் திருப்பித் தராத மக்பூல் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். கதவுகளை அடைத்தோம். கொடியில் காய்ந்த உன் மாமாவின் எட்டு முழ வெள்ளை வேட்டியில் கல்வெட்டு எழுத்தெழுத்தாய் எழுந்து நின்றது. "என் வேட்டில இவ்ளோ விசயம் கீதா!" என்றார் உன் மாமா. எனக்குக் கண் மறைத்தது.

நன்றாக எண்ணிப் பார். 'ஒளி எழாதவரை' என்றுதான் சூளுரைத்தேன்; நாள் குறிக்கவில்லை. ஒளி எழுந்துவிட்டது. மானாம்பதிக்கு வருகிறேன் என்று பெஞ்சமினுக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. "வாங்க வாங்க, இந்த தபா உட மாட்டேன்!" என்று அவர் கத்தியதில் காது அடைத்துவிட்டது. கண்டனத் தீர்மானம் திரும்பப் பெறப்படுகிறது. உன் புதுமனை விளக்கை என்னையன்றி வேறெவரும் தொடக் கூடாது. பொருள்கள் இங்கேயே இருக்கும்.

குடவோலை பொய்த்ததாக எவனும் சொல்லிவிடக் கூடாது. குடத்தில் குறையில்லை, எடுத்த கையிலும் குறையில்லை. ஓலை எழுதியவள் தன் பெயரை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாள், அவ்வளவே. அப்பெயரை மானாம்பதி மேடையில் நானே முழங்குவேன். அதுவரை பெஞ்சமினிடம் மூச்சு விடாதே.