என் தோட்டா, உன் துப்பாக்கி, ஒரு ரப்பர் சுத்தியல்

பெல் க்ரீக், விஸ்கான்சின்
புதன்கிழமை

அன்புள்ள டுவேனுக்கு,

இங்கே உன் அக்கா லோயிஸும் நானும் சுகம். அங்கே நீயும் சுகமாக இருப்பாய் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். நீ சுகமாக இருப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்குப் பிறகும் இத்தனை சுகமாக இருக்கிறாயே, அதில்தான் ஆட்சேபம். ஏரியில் மீன் அகப்படுகிறதா? பதில் எழுத வேண்டியதில்லை.

நான் கோபக்காரன் அல்ல என்பது உனக்குத் தெரியும். தெரிந்துதான் இந்த ஆட்டம் ஆடுகிறாய். உயர்நிலைப் பள்ளியில் காலமெல்லாம் லத்தீன் சொல்லிக்கொடுத்தவன் நான். பின்வரிசையில் எவனாவது கோழி மாதிரி கூவினால்கூடக் கரும்பலகையைப் பார்த்தபடியே "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போனவன். இந்தக் கடிதத்தையே இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் படியில் கடுமை அதிகமாக இருந்தது. இரண்டாவதைப் படித்துப் பார்த்தால் உன்னிடம் மன்னிப்பு கேட்டிருந்தேன், எதற்கென்று எனக்கே விளங்கவில்லை. இது மூன்றாவது. இதில் மன்னிப்பு கிடையாது.

நம் சங்கத்தின் பழைய போர்த்துப்பாக்கிப் போட்டியில் ஜெர்மன்காரனுடையது, ரஷ்யாக்காரனுடையது என்று எத்தனையோ வருகின்றன. ஜப்பானியத் தொண்ணூற்றொன்பதாம் மாதிரித் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்த ஊரிலேயே இரண்டு பேர்தான்: என் அப்பா பசிபிக்கிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்ததை வைத்திருக்கும் நான், யாரோ செத்துப்போனவர் வீட்டு முற்றத்து விற்பனையில் புல்வெட்டும் எந்திரத்தோடு இலவசமாக வாங்கியதை வைத்திருக்கும் நீ. கடையில் அதற்குத் தோட்டா கிடைப்பது அபூர்வம். ஆகவே நான் என் நிலவறையில் உட்கார்ந்து கையால் செய்கிறேன். அமெரிக்கப் படைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தை வெட்டி, ஜப்பானிய அச்சுக்குள் அழுத்தி, விளிம்பை ராவி, வெடிமருந்தை எடைபார்த்து நிரப்பி, குண்டைப் பொருத்துகிறேன். ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட இரண்டு படைகளை ஒரே கூட்டில் சமாதானப்படுத்துவது லேசான காரியமல்ல. மருந்தை ஒரு முறை நிறுப்பேன். பிறகு சரியாகத்தான் நிறுத்தேனா என்று நிறுப்பேன். மூடும் முன்பு, அவசரப்பட்டுவிட்டேனோ என்று இன்னொரு முறை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அதை நான் உனக்குச் சொல்லாமல் இல்லை. சுடும்போது கூடு உப்பி, அந்தத் துப்பாக்கியின் தோட்டா அறை எந்த அளவோ அந்த அளவுக்கு உருவெடுக்கும். போர்க்காலத்து ஜப்பானியத் தொழிற்சாலைகள் அறைகளை ஆளுக்கொரு அளவில் குடைந்து தள்ளியிருக்கின்றன. என் துப்பாக்கியின் அறை தாராளமானது. ஒரு முறை அதில் சுட்ட கூட்டின் உடம்பை நான் மறுபடி நெருக்குவதில்லை, கழுத்தை மட்டும் இறுக்கி நிரப்புவேன். பித்தளை நீடித்து உழைக்கும். ஆனால் அதன் பிறகு அந்தத் தோட்டா என் துப்பாக்கிக்குத்தான் பொருந்தும், பழகின செருப்பு அதற்குரிய காலுக்குப் பொருந்துவதுபோல. போன நன்றியறிதல் விருந்தில் வான்கோழியை அறுத்துக்கொண்டே இதை உனக்கு விளக்கினேன். நீயும் மிகுந்த கவனத்தோடு கேட்டுவிட்டு, "சரி அத்தான், அந்தக் கிரேவியை இப்படித் தள்ளுங்க" என்றாய்.

ஞாயிறன்று நீ எனக்கு இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாய். நான் குறிபார்த்து மூச்சைப் பிடித்திருந்த நேரம். டப், டப் என்று ஒரு சத்தம். திரும்பினால், பனிவண்டி பழுதுபார்க்கும் உன் கடையிலிருந்து கொண்டுவந்த ரப்பர் சுத்தியலால், துப்பாக்கியின் தோட்டா அறையை மூடும் போல்ட்டை அடித்துக்கொண்டிருக்கிறாய்.

"என்ன பண்றே டுவேன்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அத்தான். போல்ட்டு கொஞ்சம் முரண்டு பிடிக்குது. தட்டிக் குடுக்கறேன்."

"உள்ளே தோட்டா இருக்கா?"

"பின்னே, சாண்ட்விச்சா இருக்கும்?"

"நிறுத்து!" என்று கத்தினேன். என் கத்தல் எப்படிப்பட்டதென்று உனக்குத் தெரியும். பக்கத்து மேசைக்காரர் எனக்குத் தும்மல் வருகிறதென்று நினைத்துக் கைக்குட்டை நீட்டினார். அதற்குள் கடைசி அடி விழுந்துவிட்டது. "மூடிடுச்சு!" என்று ஏதோ கோட்டையைப் பிடித்தவன்போல அறிவித்தாய். பிறகு கொஞ்ச நேரம் இழுத்துப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில், "இப்ப திறக்க மாட்டேங்குது" என்றாய்.

வெடிக்காத தோட்டா உள்ளே இறுகிக் கிடக்க, திறக்கவும் முடியாமல் சுடவும் துணியாமல் நீ அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சங்கத் தலைவர் ஹார்லன் வோக்ட் ஊதல் ஊதி, போட்டியை நிறுத்தி, எல்லாரையும் வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஓட்டினார். பெண்கள் கொண்டுவந்திருந்த உருளைக்கிழங்கு சாலட் வெயிலில் வேர்த்துக்கொண்டிருந்தது. ஹார்லன் உன் துப்பாக்கியை வாங்கி, பழைய டிராக்டர் டயரின்மேல் குறிப்பலகையைப் பார்த்தபடி வைத்துக் கட்டி, விசையில் நீளமான கயிற்றைக் கோத்தார். கட்டும்போதே கேட்டார்: "யாரு செஞ்ச தோட்டா இது?"

"அத்தான் செஞ்சது" என்றாய்.

இரண்டே சொல். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "வாத்தியார் கணக்குல கோட்டை விட்டுட்டார்போல" என்றது ஒரு குரல். நான் கணக்கு வாத்தியார் அல்ல என்று திருத்த வாயெடுத்தேன். அது என் பக்கத்தைப் பலப்படுத்தாது என்று தோன்றியதால் மூடிக்கொண்டேன். உன்னிடம்தான் வந்தேன்.

"பெட்டிமேல சிவப்பு மையில எழுதியிருந்தேனே, ஆர்வில் துப்பாக்கிக்கு மட்டும், வேற எதுலயும் நுழைக்காதேன்னு. படிக்கலையா?"

"பெட்டியா? எந்தப் பெட்டி? மார்ஜரின் டப்பாவுலல்ல இருந்துச்சு."

"என் நிலவறையில இருந்த தோட்டா உன் கைக்கு எப்படி வந்தது?"

"வந்துச்சு" என்றாய். அப்புறம் ஏதோ வாத்துக்கூட்டம் போவதுபோல வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாய். வாத்து எதுவும் போகவில்லை, டுவேன். நானும் பார்த்தேன்.

திருடியதைக்கூட மன்னிக்கலாம். எச்சரிக்கை எழுதிய பெட்டியை ஒழித்துவிட்டு, தோட்டாக்களை வெண்ணெய்ப் பிசுக்குள்ள டப்பாவில் கொட்டி, பெட்டியே இல்லை என்று என் முகத்துக்கு நேரே சாதித்தாயே, அதற்கு எந்த மொழியில் சொல் இருக்கிறது? செத்த மொழியிலும் தேடிவிட்டேன். இல்லை.

ஹார்லன் கயிற்றை இழுத்தார். துப்பாக்கி டயரின்மேல் துள்ளியது. தூசி அடங்கியதும் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்த ஆள் பழக்கதோஷத்தில் "பத்து!" என்று கூவினான். அன்று முழுவதும் மனிதக் கை படாமல் புறப்பட்ட குண்டு அது ஒன்றுதான். நட்ட நடுவில் போய் விழுந்ததும் அது ஒன்றுதான். வேறொருவனாக இருந்தால் தலையைக் குனிந்திருப்பான். நீ என்ன சொன்னாய்? "என் மேசை, என் துப்பாக்கி, என் பலகை. என் பேர்ல எழுதிக்குங்க!" சுடுகிறவன் துப்பாக்கியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை என்று அவர்களும் கூடிப் பேசி எழுதிக்கொண்டார்கள். ஒரே புள்ளி வித்தியாசத்தில், முதல் பரிசான புகைபோட்ட பன்றித் தொடை உன் கக்கத்துக்குப் போயிற்று. என் தோட்டா பரிசு வாங்கிய அதே நாளில், அதைச் செய்தவன் ஆபத்தானவன் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டினார்கள். "ஸ்டென்ஸ்லண்ட் செய்யும் தோட்டாக்கள் மறு அறிவிப்பு வரை இங்கே சுடப்படக் கூடாது." ஹார்லன் அந்தத் தாளை ஒட்டும்போது என்னிடமே குண்டூசி கேட்டார். நானும் கொடுத்தேன்.

அதோடு முடிந்ததா? அதே சுத்தியலால் போல்ட்டைத் திறந்து வெளியே எடுத்த கூட்டை நீ புதரில் வீசினாய். பக்கமெல்லாம் சிராய்த்து, கழுத்தடி நசுங்கி, அது இனி எதற்கும் உதவாது என்று தெரிந்தும் நான் மண்டியிட்டுத் தேடினேன். நீ பன்றித் தொடையைத் தட்டிக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம், "அத்தானுக்குக் கூடுன்னா உசிரு. அக்கா தொலைஞ்சாக்கூட இப்படித் தேடமாட்டாரு" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அத்தனை பேரும் சிரித்தார்கள். லோயிஸும் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோபத்தைவிட அதுதான் என்னை வாட்டியது. ஒருவேளை நான்தான் தவறு செய்தேனோ? வயதாகிறது. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டே மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவன். மிச்சமிருந்த தோட்டாக்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மருந்தைக் கொட்டி நிறுத்தேன். இம்மியும் பிசகவில்லை. அப்படியானால் தராசில் பிசகோ என்று எடைக்கல்லை வைத்துப் பார்த்தேன். தராசு சரி. எடைக்கல்லே பொய்யோ என்று தோன்றியது. அதை உறையில் போட்டு மருந்துக்கடைக்கு எடுத்துப்போனேன். அந்தப் பெண் தன் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் சார் இருக்கு. உங்களுக்கு எதுக்கும் ரத்த அழுத்தம் பார்த்துடட்டுமா?" என்றாள். பார்த்தாள். அது மட்டும்தான் சரியாக இல்லை.

ஆகவே என் தோட்டாவில் குற்றமில்லை. அது என் துப்பாக்கிக்குப் பிறந்தது. உன்னுடையதில் அடித்து நுழைக்கப்பட்டது. ஆனால் இதை யாரிடம் சொல்வது? வருகிற சனிக்கிழமை செயற்குழு கூடி, குளிர்காலத்தில் சங்கத்தின் பின்னறையில் நான் நடத்தும் தோட்டா வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிடலாமா என்று முடிவு செய்யப்போகிறது. பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நான் பேச, மற்றவர்கள் கேட்டு எழுதிக்கொள்ளும் அறை உலகத்தில் அது ஒன்றுதான். வீட்டில் நான் பேசினால் லோயிஸ் வானொலியின் சத்தத்தைக் கூட்டுகிறாள். தவறாக எண்ணாதே, அவளுக்கு நான் பேசியது கேட்பதே இல்லை. அந்த அறையும் போய்விட்டால் நான் எங்கே போய்ப் பேசுவேன்?

கூட்டத்தில் எழுந்து வாதாட என்னால் ஆகாது. எழுந்தாலே எனக்கு நாக்கு உலர்ந்துவிடும். நீதான் எழுந்திருக்க வேண்டும். கேட்காமல் எடுத்தேன், பெட்டியை ஒழித்தேன், டப்பாவில் கொட்டினேன், சுத்தியலால் அடித்தேன் என்று அத்தனை பேர் முன்னால் உன் வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், உனக்கு நான் என்றைக்கும் ஒரு தோட்டாகூடச் செய்து தரமாட்டேன். என் நிலவறைப் படியில் நீ கால் வைக்கக் கூடாது. நன்றியறிதல் விருந்தில் குழந்தைகளின் மேசையில்தான் உட்காருவாய். கிரேவி கடைசியாகத்தான் வரும். இது வெறும் மிரட்டல் என்று நினைக்காதே. மிரட்டல்தான், ஆனால் வெறும் மிரட்டல் அல்ல.

இந்தக் குளிர்காலத்தில் வேண்டிய மட்டும் பனி விழட்டும். பனிவண்டிகள் நிறையப் பழுதாகி உன் கடை வாசலில் வரிசையாக நிற்கட்டும். உன் முழங்கால் வலி தீரட்டும், மெதுவாக. ஆண்டவர் உன்னைக் காப்பாராக. நான் அந்தப் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காவின் கணவன்,
ஆர்வில் ஸ்டென்ஸ்லண்ட்

பி.கு.: உறையில் போடும் முன்பு லோயிஸ் வாங்கிப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. அவனுக்கு இது வேணும்" என்றாள். அப்புறம், "ஒரு இடத்துல மட்டும் தப்பா இருக்கு. அவன் எங்க எடுத்தான்? நான்ல குடுத்தேன்" என்றாள்.

"நீயா?"

"அவன் பொறந்தநாளுக்கு. கடை கடையா அலைஞ்சும் கிடைக்கலன்னு அழுதான். ரெண்டு பேருதும் ஒரே ஜப்பான்காரன் செஞ்சது. நீங்க கீழே மலை மாதிரி குவிச்சு வெச்சிருக்கீங்க. தம்பிக்கு ஒரு பிடி அள்ளிக் குடுத்தா குறைஞ்சா போயிடும்?"

"அந்தப் பெட்டி?"

"அது என் தையல் மெஷின் பாபினுக்கு அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருந்துச்சு. மேலே ஏதோ சிவப்பா கிறுக்கியிருந்தது, ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன், பளிச்சுன்னு ஆயிடுச்சு. அதே மாதிரி இன்னொரு பெட்டி இருந்தாக் குடுங்க."

நான் "ஓகோ" என்றேன். சற்று உரக்கவே சொன்னதாக நினைக்கிறேன். சுத்தியலைப் பற்றிக் கடிதத்தில் இருப்பதை இன்னும் கொஞ்சம் காரமாக எழுதியிருக்கலாம் என்று அவள் அபிப்பிராயப்பட்டாள். இப்போது தபால்தலை எடுக்க உள்ளே போயிருக்கிறாள். தன் கையாலேயே போடப்போகிறாளாம். ஆகவே கிழிக்கவும் வழியில்லை, எழுதியதை அடித்துத் திருத்தவும் வழியில்லை. மேலே திருடன், பொய்யன் என்று அர்த்தம் வரும் இடங்களில் எல்லாம் நீ என்று இருப்பதை யாரோ என்று படித்துக்கொள். சுத்தியல் மட்டும் உன்னுடையது. அது அப்படியே நிற்கட்டும்.

அக்கா கொடுத்தாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உன் தலை தப்பியிருக்கும். நீ அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாய். அதை நான் இப்போதுதான் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டதால் உன்மேல் கோபம் இன்னும் அதிகமாகிறது, ஏனென்றால் அதை வைக்க இனி எனக்கு வேறு இடமில்லை.

சனிக்கிழமை நீ எழுந்திருக்காதே. முன்வரிசையில் லோயிஸ் உட்கார்ந்திருப்பாள். நானே எழுந்து, தோட்டாவை உனக்கு நான்தான் கொடுத்தேன், யோசிக்காமல் கொடுத்துவிட்டேன் என்று சொல்லப்போகிறேன். வகுப்பு போய்விடும். தெரியும். அவள் வருகிறாள், முடிக்கிறேன். ஒன்று மட்டும்: நான் அதைச் சொல்லும்போது, தயவுசெய்து, ஆச்சரியப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொள்ளாதே.