விரல் படித்த தமிழ்

நற்கருணை வாங்கிய நாக்கு காய்வதற்குள் பொய் சொன்னவன் நான். அதுவும் எபிரேய மொழியில். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று, இப்போது உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

காரைக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுவது என் தொழில். படிப்பு பத்தாம் வகுப்பு (அதிலும் கணக்கு போய்விட்டது). அப்பா எங்கள் கோயிலில் நாற்பது வருஷம் உபதேசியார். பூசையில் வாசகம் வாசிக்க யார் வந்தாலும் அவர் போடும் சட்டம் ஒன்றுதான்: வரிக்கு அடியில் விரல் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். விரல் இல்லாத வாசிப்பை அவர் வாசிப்பாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்.

போன வருஷம் அப்பா படுக்கையில் விழுந்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"தாவீது ராசா பாடுன பாட்டை, அவரு பாசையிலேயே, பழைய ஏட்டைப் பாத்து வாசிச்சு ஒரு தடவை கேக்கணும்டா சேவியரு. மனப்பாடம் வேணாம். வாசிக்கணும்."

போன் வழியாக எபிரேயம் சொல்லித்தரும் ஒரு சிஸ்டரிடம் சேர்ந்தேன். தோலில் எழுதிய, ஆயிரம் வருஷப் பழைய ஏட்டின் படத்தை அவர் அனுப்பினார். அதைக் கலரில் பிரிண்ட் எடுத்து, வகுப்பு முடிந்ததும் அப்பா கட்டிலில் உட்கார்ந்து பண்டிதன் போல விளக்குவேன். "நம்ம மாதிரி இல்லப்பா, வலது பக்கமிருந்துதான் ஆரம்பிக்கும்."

இருபத்திரண்டு எழுத்தில் பத்து பிடிபட்டது. அதற்குள் அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. "முதல் வெள்ளிக்குச் சாமியார் நன்மை கொண்டாருவாருல்ல, அன்னிக்கு வாசிச்சிரு" என்றார். வேறு வழி தெரியவில்லை. சிஸ்டர் வாசித்து அனுப்பிய ஆடியோவைக் கடையில் ஓடவிட்டு, காயில் சுற்றிக்கொண்டே மனப்பாடம் செய்துவிட்டேன்.

மாதத்தின் முதல் வெள்ளி வந்தது. சாமியார் அப்பாவுக்கும் எங்களுக்கும் நற்கருணை கொடுத்து முடித்தார். என் மனைவி செலின் முக்காடு போட்டு நின்றாள். மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் தாளைப் பிடித்தபடி ஆரம்பித்தேன். வரிக்கு அடியில் விரலை வைத்தேன். (உபதேசியார் மகன் இல்லையா!) விரல் இடது ஓரத்தில் கிளம்பி வலது ஓரத்துக்குப் போனது. திரும்ப இடது, திரும்ப வலது. தாள் முடிந்துவிட்டது, பாட்டு பாதிதான் ஆகியிருந்தது. கூச்சமே இல்லாமல் விரலை உச்சிக்கு ஏற்றி மறுபடி இறக்கினேன்.

சாமியார் உதட்டைக் கடித்தபடி கூரையைப் பார்த்தார். செலின் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"டேய்" என்றார் அப்பா. மூச்சு வாங்கியது. "வாய் எபிரேயம் பேசுது. விரல் மட்டும் ஏன்டா தமிழ் படிக்குது?"

கட்டிலடியில் முழங்காலில் விழுந்தேன். "பத்து எழுத்துதான்ப்பா தெரியும்."

"இதுக்கா நான் அழுதேன்?" என்று செலின் பல்லைக் கடித்தாள். "சாமி முன்னாடி இப்படி மானத்த வாங்குறீகளே!"

அப்பா சிரிக்கப் பார்த்தார், அது இருமலாகப் போனது. பிறகு என் விரலைப் பிடித்துத் தாளின் வலது ஓரத்தில் வைத்தார்.

"அந்தப் பத்தைக் காட்டு. எங்குட்டு இருக்கு?"

ஒவ்வொன்றாகத் தேடிக் காட்டினேன். அன்றிலிருந்து சாயங்காலமானால் அதுவே எங்கள் செபம். பதினெட்டாவது எழுத்து வந்த வாரம் அப்பா போய்விட்டார். முதல் வரியை முழுசாக அவருக்கு வாசித்துக் காட்ட என்னால் முடியவில்லை.

செபமாலை உருட்டிக்கொண்டே நான் தூங்கி வழிந்தாலும், புத்தகத்துக்குள் போனை வைத்து மகள் படிப்பதுபோல நடித்தாலும், எங்கள் வீட்டில் செலின் சொல்வது ஒன்றுதான்: "விரல் தமிழ் படிக்குது."

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு அப்பா கல்லறைக்கு அந்தத் தாளைக் கொண்டுபோனேன். முதல் வரியை எழுத்து எழுத்தாகக் கூட்டி வாசித்து முடிப்பதற்குள் பாதி மெழுகுவர்த்தி உருகிவிட்டது. செலின் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இடது ஓரம் போய்ச் சேர்ந்ததும், கல்லறைப் பக்கம் குனிந்து சொன்னாள்:

"சரியாத்தான் போகுது, மாமா."