குளிர் நல்லது என்பவர்

குளிரின் பெருமையைப் பேசுவதற்கென்றே ஓர் இனம் இருக்கிறது. மார்கழியில் ஏற்காட்டுக்கு வந்தால் நிறையப் பார்க்கலாம். குளிர் ரத்தத்தைச் சுத்தம் செய்யும், நரம்பை முறுக்கேற்றும், சோம்பலை விரட்டும், ஆயுளைக் கூட்டும் என்று குரங்குக் குல்லாவுக்குள்ளிருந்தும் இரண்டு ஸ்வெட்டருக்குள்ளிருந்தும் மூக்கு மட்டும் வெளியே தெரிய உங்களுக்கு எடுத்துச் சொல்வார்கள். குளிர் நல்லதுதான். யாருக்கு? மற்றவர்களுக்கு.

இந்த இனத்தின் லட்சணங்கள் எல்லாம் பொருந்தியவர் கோவிந்தராஜ். ஒண்டிக்கடைப் பக்கம் லாட்ஜ் வைத்திருப்பவர். மூன்று வருடத்துக்கு முன் பெங்களூரில் ஓடி, ஓடிய பந்தயத்திலெல்லாம் கடைசியாக வந்த பெண் குதிரை ஒன்றை வாங்கி வந்து, வெற்றிச்செல்வி என்று பெயர் வைத்தார். தை மாதம் சேலத்துப் பக்கத்து ஊர்த் திருவிழாவில் குதிரைப் பந்தயம். கோப்பையை வைக்க லாட்ஜ் வரவேற்பறையில் அப்போதே இடம் ஒதுக்கிவிட்டார்.

குதிரையைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்று கேட்கிறீர்களா? வெளிநாட்டில் உறைபனிக்கு நடுவே குதிரை பழக்கும் வீடியோ ஒன்றை நாற்பது தடவை பார்த்திருந்தார். போதாதா?

குதிரை ஏறுவதற்குக் காளியப்பனைப் பிடித்தார். ஏரிக்கரையில் சுற்றுலா வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிப் பதினெட்டு வருடம் பிழைத்த, ஐம்பது கிலோகூடத் தேறாத மனிதர். தினமும் விடியற்காலை ஐந்தரைக்கு, எதிரே நிற்கும் சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத பனிமூட்டத்தில், மஞ்சக்குட்டைப் பாதையில் காளியப்பனும் வெற்றிச்செல்வியும் ஓடுவார்கள். கோவிந்தராஜ் ஜீப்புக்குள் இருப்பார். இன்ஜின் ஓடும், ஹீட்டர் ஓடும், பிளாஸ்கில் காபி இருக்கும், கையில் ஸ்டாப்வாட்ச் இருக்கும். கண்ணாடி மட்டும் நாலு விரல் திறந்திருக்கும். கட்டளைகள் வெளியே போக வேண்டாமா?

ஒரு நாள் குளம்புச் சத்தம் கேட்டதும் பொத்தானை அழுத்தி, "ரெக்கார்டு! ரெக்கார்டு!" என்று கூவினார். பனிக்குள்ளிருந்து வெளிப்பட்டது ஏதோ எஸ்டேட்டுக்கு மிளகு மூட்டை சுமந்து போகும் மட்டக்குதிரை. ஆனாலும் அந்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொண்டார்.

ஓடி முடித்த குதிரையின் முதுகிலிருந்து ஆவி பறக்கும். காளியப்பன் ஜீப் ஓரமாக வந்து நிற்பார்.

"ஏனுங்க, வேர்த்த உடம்புங்க. மேல ஒரு கம்பளி போட்டா நல்லதுங்க."

"கம்பளி போட்டா சோம்பேறியாயிரும் காளியப்பா. வெளிநாட்டுக் குதிரையெல்லாம் பாரு."

"அந்த வீடியோவுல குதிரைக்குக் கம்பளி போட்டிருக்குதுங்களே?"

"அது கம்பளிக் கம்பெனி விளம்பரம்."

மார்கழி பாதியில் குதிரை இருமத் தொடங்கியது. கால்நடை டாக்டர் வந்து பார்த்து, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, ஒரு மாதம் ஓடவே கூடாது, ஓடினால் பிழைக்காது என்று சொல்லி ஊசி போட்டுவிட்டுப் போனார். "அவரு மாட்டுக்குப் படிச்சவரு. இது நடிக்குது" என்றார் கோவிந்தராஜ்.

பந்தயத்துக்குப் பத்து நாள் இருந்தது. ஒத்திகை பார்க்க மூன்று நண்பர்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு வந்திருந்தார். காளியப்பன் சேணத்தைப் பூட்டினார். குதிரையின் விலாவில் காதை வைத்தார். பிறகு பூட்டிய சேணத்தை அவிழ்த்துக் கீழே வைத்தார்.

"இன்னைக்கு ஓடாதுங்க."

"ஓடாதுன்னு சொல்ல நீ யாரு?"

"நீங்க எறங்கி வந்து இது நெஞ்சுல கைய வெச்சுப் பாருங்க. அப்புறமும் ஓடச் சொன்னீங்கன்னா ஓட்டறனுங்க."

நண்பர்கள் பார்க்கிறார்கள். வேறு வழியில்லை. கோவிந்தராஜ் கதவைத் திறந்தார். ஒரு காலை வெளியே நீட்டினார். காற்று அடித்தது. காலை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"எறங்கி என்னத்தப் பாக்கறது? எனக்கு இங்கிருந்தே தெரியுது!"

காளியப்பன் தான் போர்த்தியிருந்த கம்பளியை எடுத்துக் குதிரைமேல் போட்டார். கடிவாளத்தைப் பிடித்தார். நடந்தார்.

"உன்னய வேலைய உட்டுத் தூக்கிட்டேன்!"

"சரிங்க."

பின் ஸீட்டிலிருந்து ஒரு நண்பர், "குளுரு நொம்ப உள்ள வருதுங்க" என்றார். கோவிந்தராஜ் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டுத் தொடர்ந்து கத்தினார். வெளியே நின்று பார்த்திருந்தால் வாய் மட்டும் அசைவது தெரிந்திருக்கும்.

வீட்டுக்கு மூன்று மைல். காளியப்பன் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

"அடுத்தவங்க குதிரையக் கூட்டியாந்து நிக்கறீங்களே, போலீசு ஊட்டுக்கு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் அவர் மனைவி அம்மணி.

"வரட்டும். அது மூச்சு உடறதக் கேளு மொதல்ல."

அம்மணி கேட்டாள். ஆடுகளை வீட்டுக்குள் ஓட்டிவிட்டுக் கொட்டகையைக் குதிரைக்கு ஒழித்துக் கொடுத்தாள். வெந்நீர் வைத்தாள், கொள்ளு வேகவைத்தாள், தன் பழைய சேலைகளை ஒன்றாகத் தைத்து அதன் முதுகில் போர்த்தினாள். போலீசும் வரவில்லை, கோவிந்தராஜும் வரவில்லை. இருபத்து மூன்றாம் நாள் இருமல் நின்றது. அன்றே வெற்றிச்செல்வி அவரைக்கொடிப் பந்தலில் பாதியைத் தின்று தீர்த்தது. அம்மணி திட்டிக்கொண்டே போய்க் காளியப்பன் பார்க்காத இடத்தில் நின்று அழுதாள்.

ஒண்டிக்கடை டீக்கடையிலோ கோவிந்தராஜ் வேறு கதை சொல்லிக்கொண்டிருந்தார். "கிராமத்துல ஒரு மாசம் ரெஸ்டுல வெச்சிருக்கேன். புது மெத்தடு. நானே கண்டுபிடிச்சது."

குதிரை லாட்ஜுக்குத் திரும்பியது. அடுத்த குளிர்காலத்தில் அதை ஓட்ட மறுபடி ஆள் தேவைப்பட்டது. காளியப்பன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "குதிர ஓடற எடத்துக்கு நீங்க வரக் கூடாதுங்க." கோவிந்தராஜ் மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். வெளியே நல்ல குளிர்.

வெயில் ஏறிய பிறகு நடை, மேட்டுப் பாதையில் மெல்ல ஓட்டம், முடிந்ததும் கம்பளி. தையில் வெற்றிச்செல்வி இரண்டாவதாக வந்தது. லாட்ஜ் வரவேற்பறையில் அன்று எடுத்த புகைப்படத்தை இன்றும் பார்க்கலாம். நடுவில் இரண்டாம் பரிசுக் கோப்பையோடு கோவிந்தராஜ். அவருக்குப் பக்கத்தில் குதிரையின் முகம். ஓரத்தில் கடிவாளத்தைப் பிடித்திருக்கும் ஒரு கை. கைக்குரியவர் சட்டத்துக்குள் அடங்கவில்லையாம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இப்படியும் ஒரு மனிதனா என்று ஆச்சரியப்படுங்கள். ஆனால் நேற்றுக் காலை, "போய் நாலு ரவுண்டு நடந்துட்டு வா, உடம்புக்கு நல்லது" என்று வீட்டில் ஒருவரை எழுப்பி வாசலுக்கு அனுப்பிவிட்டு, அவர் விட்டுப்போன போர்வையையும் சேர்த்து இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தது யார்?