அணில் பூவாயி இருமலை மறந்த கதை

ஒரு காட்டில், மரத்தைவிடப் புகைபோக்கி உயரமாக வளர்ந்துவிட்ட ஒரு காட்டில், கரடி ஒன்று இலவம்பஞ்சு ஆலை நடத்தி வந்தது. பஞ்சிலிருந்து கொட்டை நீக்கும் கூடத்தில் அணில் பூவாயிக்கு வேலை. ஏழு வருடத்தில் ஒரு தலையணை தைக்கும் அளவுக்கு அவள் நெஞ்சுக்குள் பஞ்சு சேர்ந்திருந்தது. வேலை நேரம் முழுக்க இருமுவாள்; வீட்டு மரத்தில் ஏறுவதற்குள் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். அணிலாகப் பிறந்தவளுக்கு இதைவிட மானக்கேடு வேறென்ன இருக்கிறது?

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தூசியை வெளியே தள்ள, கூடத்துச் சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். அதற்கென்று இருந்த படிவத்தை மூன்று பிரதி எழுதி, இரண்டு போட்டோவும் மரப்பொந்துக்கு முகவரிச் சான்றும் இணைத்துக் கொடுத்தாள். ஆறு மாதம் கழித்து ஃபேன் வரவில்லை, ஆராய்ச்சியாளர் வந்தார்.

வந்தவர் முனைவர் தேவாங்கு. உடம்பில் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் பெயருக்குத்தான் இருந்தது. பூவாயியின் தலையில் நாலைந்து ஒயரை ஒட்டிப் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"மூளைக்குள்ள நரம்புக்கு நரம்பு பாதை இருக்கும்மா. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செஞ்சா அந்தப் பாதை பலமாயிடும். விட்டுட்டா புல் முளைச்சு மூடிடும். இதுக்குப் பேரு சினாப்டிக் பிளாஸ்டிசிட்டி. நீங்க இருமி இருமி மூளையைப் பழக்கி வெச்சிருக்கீங்க."

"அப்ப தூசிங்கய்யா?"

"தூசி என் துறை இல்லம்மா."

கரடிக்கு வாயெல்லாம் பல். கோளாறு கூடத்தில் இல்லை, தொழிலாளியின் மண்டைக்குள்தான் என்று படித்தவரே சொல்கிறாரே! அன்றே எல்லார் கழுத்திலும் ஒரு பட்டையைக் கட்டினார்கள். யாராவது இருமினால் சுவரில் இருந்த எண்ணும் கருவி 'கிண்' என்று அடிக்கும். ஒரு வரிசையில் பத்து 'கிண்' தாண்டினால், அந்த வரிசைக்கே சாயங்கால டீ கிடையாது.

இதில்தான் தேவாங்கின் மூளை வேலை செய்திருந்தது. கரடி அதட்டியிருந்தால் சங்கம் கூடியிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவனே முறைத்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"பூவாயிக்கா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரேன். உன் ஒருத்தி இருமலுக்கு எங்க டீ போகணுமா?" என்று முள்ளம்பன்றி மாடசாமி முள்ளெல்லாம் சிலிர்க்கக் கேட்டான்.

பூவாயி பழகினாள். எச்சிலை விழுங்கினாள், வாலைக் கடித்துக்கொண்டாள், உள்ளுக்குள் நூறு வரை எண்ணினாள். மூன்றே மாதத்தில் வரிசை முழுக்கப் பூஜ்ஜியம். தேவாங்கு அவள் மூளையைப் 'பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்' என்று படம் பிடித்து ஆராய்ச்சி இதழில் போட்டார். அவளுக்கும் ஒரு சான்றிதழ் கிடைத்தது. பைத்தியக்காரி, அதைப் பொந்தில் மாட்டி வைத்துப் போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினாள். மரம் ஏற இப்போது ஆறு இடத்தில் நிற்க வேண்டியிருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் அவளுடைய பழைய விண்ணப்பம் மேசை மேசையாகத் தவழ்ந்து போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்ந்தது. தொழிலாளர் நல ஆய்வாளர் நாரை நேரிலேயே வந்துவிட்டார். வரிசைக்குள் குசுகுசுவென்று பேச்சு ஓடியது.

"இன்னிக்கு டீ போனாப் போகட்டும்க்கா. அவர் முன்னாடி நாலு இருமல் நல்லா இருமிடு. ஃபேன் வந்துரும்" என்றான் மாடசாமி.

நாரை படிவத்தைப் புரட்டினார். "இருமல்னு எழுதியிருக்க. எங்கே, ஒரு தடவை இருமும்மா பார்ப்போம்."

பூவாயி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. ஒரு பிடி பஞ்சை மூக்கருகே வைத்து உறிஞ்சினாள். கண்ணில் நீர் கொட்டியது, விலா விம்மியது, இருமல் மட்டும் வரவில்லை. திரும்பி மாடசாமியைப் பார்த்தாள். அவனும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தான். பாதையெல்லாம் புல் முளைத்து மூடியிருந்தது.

"வரமாட்டேங்குதுங்கய்யா. ஆனா உள்ள இருக்குங்க."

"உள்ள இருக்கறதை எழுத இதுல கட்டமே இல்லையேம்மா."

அந்த நேரம் பார்த்துச் சுவரில் இருந்த எண்ணும் கருவி 'கர்ர்' என்று இழுத்து நின்றுபோனது. தேவாங்கு பதறிக்கொண்டு ஓடி அதன் மூடியைத் திறந்தார். உள்ளே பஞ்சு அடைத்துக் கிடந்தது.

"ஐயோ, தூசி! இது எவ்வளவு நுணுக்கமான கருவி தெரியுமா? இதுக்குத் தூசியே ஆகாது சார்! யாருமே கவனிக்கலையா?"

நாரைக்கு மனசு தாங்கவில்லை. படிவமும் இல்லாமல், பிரதியும் இல்லாமல், நின்ற இடத்திலேயே உத்தரவு எழுதினார். மறுநாள் காலையில் எக்ஸாஸ்ட் ஃபேன் வந்து இறங்கியது. கருவியைச் சுற்றிக் கண்ணாடிக் கூண்டு எழுப்பி, கூண்டுக்குள் இருக்கும் தூசியைக் கூடத்துக்குள் தள்ளும்படி ஃபேனைப் பொருத்தினார்கள். அதற்கு நேர் கீழேதான் பூவாயியின் இடம்.

அவள் ஃபேனை நிமிர்ந்து பார்த்தாள். வாய்விட்டுக் கத்தித் தீர்த்துவிடலாம் என்று மூச்சை இழுத்தாள். கத்துவதற்குப் போதுமான மூச்சு உள்ளே வரவில்லை. கூண்டுக்குள் கருவி சுத்தமாக, சுகமாகப் பூஜ்ஜியம் காட்டிக்கொண்டிருந்தது.

நீதி: தூசியைப் பற்றிப் புகார் சொல்ல நினைக்கும் உயிர்கள், அடுத்த பிறவியில் கருவியாகப் பிறந்து, ஆய்வாளர் வரும் நாளாகப் பார்த்துப் பழுதாகிக்கொள்ளவும்.