என் ஷூ மட்டும் ஆடிய மேட்ச்

விளையாட்டில் உடம்பை அதிகம் வாட்டுவது ஓடுவது அல்ல, உட்கார்ந்திருப்பது. அனுபவத்தில் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு பெண்கள் கல்லூரியின் கூடைப்பந்து அணியில் மூன்று வருடம் இருந்தேன். அதில் முதல் இரண்டு வருடத்தில், இந்த மேட்ச் வரை, நான் களத்தில் நின்ற நேரம் மொத்தம் பதினோரு நிமிடம். (குறித்து வைத்திருந்தேன், காமர்ஸ் நோட்டின் கடைசிப் பக்கத்தில். அந்த நோட்டில் நான் ஒழுங்காக எழுதிய பக்கம் அது ஒன்றுதான்.)

அந்தப் பதினோரு நிமிடமும் இரக்கத்தில் கிடைத்தவை. நாங்கள் முப்பது பாயிண்டில் ஜெயித்துக்கொண்டிருக்க வேண்டும், அல்லது முப்பது பாயிண்டில் தோற்றுக்கொண்டிருக்க வேண்டும். இனி இவளால் எந்தக் கெடுதலும் செய்ய முடியாது என்பது உறுதியான பிறகுதான் என்னை இறக்குவார்கள்.

அப்புறம் எதற்கு அணியில் சேர்த்தார்கள் என்றால், உயரத்துக்காக. பெயர்தான் பூங்கொடி, ஆள் ஐந்தடி பத்தங்குலம். வெள்ளகோவிலில் எங்களுக்கு முருங்கைத் தோட்டம். அந்தக் காய்களைப் பார்த்துப் பார்த்தே நானும் அதே அச்சில் வளர்ந்துவிட்டேன் என்பார்கள். கல்லூரியில் சேர வந்த அன்று, வரிசைக்கு மேலே தனியாகத் தெரிந்த ஒரு தலையைப் பார்த்துவிட்டு, உடற்பயிற்சி ஆசிரியை வசந்தா மேடம் நேரே என்னிடம் வந்தார்.

"ஏம்மா, பேஸ்கட்பால் ஆடுவியா?"

"ஆடுவனுங் மேடம்" என்றேன். அதுவரை அந்தப் பந்தை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

பார்த்த பிறகும் பெரிய முன்னேற்றம் இல்லை. என் இடத்தில் ஆடியவள் மெர்சி. போத்தனூர் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண். என்னைவிட நான்கு அங்குலம் குட்டை, ஆனால் எனக்கு மேலே எழும்பிப் பந்தைப் பிடுங்குவாள். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று, பாதத்தின் அளவு. ஆம்பிளை ஷூ வாங்க வேண்டிய கால்கள். கல்லூரி கொடுத்த கேன்வாஸ் ஷூவை நான் போட்டேன். அவள் மட்டும் அண்ணன் மெட்ராஸிலிருந்து வாங்கி அனுப்பிய தடித்த வெள்ளை ஷூவில் ஆடினாள்.

இதெல்லாம் வீட்டுக்குத் தெரியாது. ஹாஸ்டலிலிருந்து நான் எழுதிய இன்லண்ட் லெட்டர்களில் அணி என்னைச் சுற்றித்தான் இயங்கியது. 'இந்த வாரம் முப்பத்திரண்டு பாயிண்ட் எடுத்தோம்' என்று எழுதுவேன். எடுத்தோம் என்பது பொய்யில்லையே! அந்த 'தோம்' எனக்குச் செய்த உதவியைக் கூடப் பிறந்தவர்கள்கூடச் செய்திருக்க மாட்டார்கள்.

அந்தப் பொய்க்கு ஒரு அவசியமும் இருந்தது. அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, என்னைத் தன் மகன் மூர்த்திக்குக் கட்டிவைப்பதில் குறியாக இருந்தார். மூர்த்திக்கு விசைத்தறிக் கொட்டகை உண்டு. தறிச் சத்தத்தில் காது மந்தம் வேறு. "பந்து ஆடறேன்னு ஊரு ஊராச் சுத்துது. படிச்ச வரைக்கும் போதும், கூட்டியாந்துரு தம்பி" என்று அத்தை வாராவாரம் வந்து உட்கார்ந்துகொள்வார். அப்பா என் கடிதங்களை எடுத்துக் காட்டி, "டீமே இவளை நம்பித்தான் இருக்குதுக்கா, பாதியில கூட்டியாந்தா நல்லாருக்காது" என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாம் வருட முடிவில் அத்தை பொறுமை இழந்தார். "அப்படி என்னதான் ஆடறான்னு நானே வந்து பாக்கறேன்."

எங்கள் மைதானத்திலேயே கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டம். சனிக்கிழமை சாயங்காலம். 'அத்தையும் அம்மாவும் நானும் வாரோம்' என்று அப்பாவின் கடிதம் வியாழக்கிழமை வந்தது.

வெள்ளிக்கிழமை காலை வசந்தா மேடத்தின் முன்னால் போய் நின்றேன்.

"மேடம், நாளைக்கு எனக்கு ஒரு சான்ஸ் குடுங்க மேடம்."

"போன மாசம் ரெண்டு நிமிஷம் குடுத்தனே. பந்து கைக்கு வந்துச்சே, என்ன பண்ணின?"

"புடிச்சேன் மேடம்."

"புடிச்சு?"

"யாருக்குக் குடுக்கலாம்னு யோசிச்சேன்."

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள ரெஃப்ரி விசில் ஊதி, பந்தை அவங்க கையில குடுத்து, அவங்க பாயிண்டே எடுத்துட்டாங்க. போம்மா, போயி எலுமிச்சம்பழம் அறுத்து வை."

(இடைவேளையில் எலுமிச்சம்பழத் துண்டும் குளுக்கோஸும் கொடுப்பது என் பொறுப்பு. அதில் என்னை மிஞ்ச அந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது.)

இந்த நிலைமையில் விதி எனக்கு ஒரு கதவைத் திறந்தது. ஹாஸ்டலில் அம்மை போட்டு நான்கு பேர் படுத்துவிட்டார்கள். அணியில் மிச்சம் ஆறு பேர். ஐந்து பேர் ஆடினால் உட்கார நான் ஒருத்திதான். இன்னும் ஒரே ஒருத்தி ஆட முடியாமல் போனால் போதும். வெறுங்காலோடு யாரையும் ஆடவிட மாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மூன்றரை மணிக்கு, உடை மாற்றும் வகுப்பறையில் மெர்சி ஷூவைக் கழற்றி பெஞ்சுக்கு அடியில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் திரும்பி வந்தபோது அது அங்கே இல்லை. என் பையில், டவலுக்குக் கீழே இருந்தது.

"ஏய், என் ஷூவைப் பாத்தீங்களாடி?"

எல்லோரும் தேடினார்கள். நான்தான் அதிகமாகத் தேடினேன். பெஞ்சுகளைப் புரட்டினேன். பீரோவுக்குப் பின்னால் கைவிட்டேன். டஸ்டர் பெட்டியைக்கூடத் திறந்து பார்த்தேன். எங்கே இருக்கிறது என்று மட்டும் தெரியாமல் இருந்திருந்தால் அந்த மும்முரத்துக்குக் கண்டுபிடித்தே இருப்பேன்.

வசந்தா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். மெர்சியின் காலைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். வரப்போகிறது என் நேரம்!

"பூங்கொடி, ஷூவைக் கழட்டு."

"மேடம்?"

"உனக்கும் அவளுக்கும் ஒரே சைஸ்தானே. அவகிட்டக் குடு. நீ உக்காந்துதானே இருக்கப் போற? உக்கார்றதுக்கு எதுக்கு ஷூ?"

கழற்றிக் கொடுத்தேன். மெர்சி என் தோளைத் தட்டி, "தேங்க்ஸ்டி. உன்னை மாதிரி யாரு குடுப்பா?" என்றாள். அந்த நொடியில் சிமெண்டுத் தரை பிளந்திருந்தால் சந்தோஷமாக இறங்கியிருப்பேன்.

ஆட்டம் தொடங்கியபோது எதிர்ப்பக்கப் படிக்கட்டில் என் வீட்டார் இடம் பிடித்திருந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டி சட்டையில், அம்மா மடியில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் நிரம்பிய தூக்குப்போசி, நடுவில் அத்தை. நான் பையை அடியில் தள்ளிவிட்டு, இரும்பு நாற்காலியில் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தேன். வெயில் குடித்த சிமெண்டு சுட்டதால் ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருந்தேன்.

அத்தையின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. "ஏந்தம்பி, எல்லாப் புள்ளைகளும் ஓடுது. நம்முது மட்டும் செருப்புக்கூட இல்லாம உக்காந்திருக்குது?"

அப்பா தயங்காமல் சொன்னார். "பெரிய ஆளுகளை மொதல்லயே எறக்க மாட்டாங்கக்கா. கடைசீலதான்."

மெர்சி அன்று ஆடியது போல் அதற்கு முன்பு ஆடியதில்லை. குதித்தாள், சறுக்கினாள், பந்தை எங்கிருந்து எறிந்தாலும் வளையத்துக்குள் விழுந்தது. இரண்டு வருடமாகத் தேயாமலிருந்த என் ஷூ முதன்முறையாகத் தேய்ந்தது. எனக்குக் கிடைக்காத விளையாட்டு நேரம் முழுவதும் ஒரே சாயங்காலத்தில் என் ஷூவுக்குக் கிடைத்துவிட்டது.

கடைசி மூன்று நிமிடம். நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால். எங்கள் கல்பனாவுக்கு ஐந்தாவது ஃபவுல் ஆகி, வெளியே அனுப்பிவிட்டார்கள். வசந்தா மேடம் திரும்பினார். அவருக்குப் பின்னால் இருந்தது நான் மட்டும்தான்.

"எறங்கு... அய்யய்யோ, ஷூ!"

ரெஃப்ரி வந்து என் காலைப் பார்த்தார். "வெறுங்காலோட உட முடியாதுங் மேடம். ஒரு நிமிஷம் தர்றேன். இல்லீன்னா நாலு பேரோட ஆடிக்கங்க."

கல்பனாவின் கால் சின்னது, அவள் ஷூ என் கட்டை விரலுக்குத்தான் போதும். எதிரே அப்பா எழுந்து நின்று கைதட்ட ஆரம்பித்துவிட்டார். "எறங்குது பாருங்க, எங்க அம்மணி எறங்குது!" அத்தை கழுத்தை நீட்டிப் பார்த்தார். களத்தில் நான்கு பெண்கள் மூச்சு வாங்கிக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் திருட்டு தெரியாது. ஆனால் நாலு பேரோடு ஆடி அணி தோற்கும், நான் மூர்த்தியின் தறிக்கொட்டகைக்குப் போவேன். பையைத் திறந்தால் ஆடலாம். ஆனால் திறக்க வேண்டும். நான் நல்லவள் என்பதால் திறந்தேன் என்று எழுத ஆசைதான். தறிச் சத்தம் காதில் கேட்டது, அதனால் திறந்தேன்.

டவலை விலக்கி மெர்சியின் வெள்ளை ஷூவை வெளியே எடுத்தேன்.

வசந்தா மேடம் கண்ணை மூடிக்கொண்டார். மெர்சி தன் ஷூவைப் பார்த்தாள். பிறகு தன் காலில் கிடந்த என் ஷூவைப் பார்த்தாள். பிறகு என்னை. கத்துவாள், அறைவாள் என்று எதிர்பார்த்தேன்.

"கயிறை நல்லா இறுக்கிக் கட்டு" என்றாள். "அது கொஞ்சம் லூஸு."

அறைந்திருக்கலாம்.

இரண்டரை நிமிடம் நான் களத்தில் ஓடினேன். என்ன ஓடினேன் என்று எனக்குத் தெரியாது, பந்துக்கும் தெரியாது. எதிரணியினர் என்னை இதுவரை பார்த்ததே இல்லை என்பதால் யாரும் என் பக்கத்தில் நிற்கக்கூட இல்லை. கடைசி சில நொடிகளில் மெர்சியை மூன்று பேர் சூழ்ந்துகொண்டார்கள். வளையத்துக்கு நேர் கீழே தனியாக நின்றது நான். வேறு வழியே இல்லாமல் அவள் பந்தை என்னிடம் எறிந்தாள்.

இந்தமுறை யோசிக்கவில்லை. இரண்டு வருட ஆத்திரத்தையும் சேர்த்து மேலே எறிந்தேன். பந்து பலகையில் மோதி, வளையத்துக்கும் பலகைக்கும் நடுவில் போய்ச் சிக்கி, அங்கேயே நின்றுவிட்டது.

மைதானமே வாயடைத்துப் போனது. அப்பாவைத் தவிர.

"பாத்தயாக்கா! மத்த புள்ளைக போட்டா ஓட்டையில பூந்து கீழ உழுந்துருது. எங்க அம்மணி போட்டது நிக்குது பாரு!"

அத்தை முதன்முறையாகத் தலையாட்டினார். வாட்ச்மேன் ஒட்டடைக்குச்சியோடு ஓடி வந்தார். அப்பா படிக்கட்டிலிருந்தே, "தொரட்டி இருந்தாக் குடுங்க, நான் எடுத்துத் தர்றனுங்! எங்களுக்கு முருங்கைக்காய் பறிச்சுப் பழக்கம்தானுங்!" என்று உதவி செய்ய முன்வந்தார்.

பந்து சிக்கினால் இரு அணியிலிருந்தும் ஒவ்வொருவர் எதிரெதிரே நின்று, ரெஃப்ரி தூக்கிப் போடும் பந்தைக் குதித்துத் தட்ட வேண்டும். என் எதிரே என் தோளுக்கு வரும் ஒரு சின்னப் பெண். எனக்காகவே செய்த விதி போலிருந்தது. ஆனால் ரெஃப்ரி பந்தைத் தூக்கிப் போட்டபோது, நான் ஏற்கனவே குதித்து முடித்து இறங்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் நிதானமாகத் தட்டிக்கொண்டு போனாள். விசில். ஒரு பாயிண்டில் தோல்வி.

அப்பா, அம்மா, அத்தை மூவருக்கும் கடைசிவரை நாங்கள் ஜெயித்ததாகத்தான் எண்ணம். அம்மா கச்சாயத்தை அணி முழுவதற்கும் பங்கு வைத்தார். மெர்சிக்கு இரண்டாகக் கொடுத்து, "நீயும் பரவால்ல கண்ணு, நல்லாத்தான் ஓடின" என்றார். மெர்சி என்னைப் பார்த்துக்கொண்டே இரண்டையும் தின்றாள். அத்தை கிளம்பும்போது, "பெரிய ஆட்டக்காரியாத்தான் இருக்கறா. இத்தனை ஓங்குதாங்கா இருக்கறவ நம்ம மூர்த்திக்கு ஒத்து வர மாட்டா தம்பி" என்றார். ஆக, என் படிப்பு பிழைத்தது.

மெர்சி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் மெஸ்ஸில் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"வீட்டுல இருந்து வர்றாங்கன்னு எங்கிட்டச் சொல்லியிருந்தா, வயித்துவலின்னு சொல்லிட்டு நானே ஒரு பத்து நிமிஷம் வெளிய உக்காந்திருப்பனேடி, லூசு."

அந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்று தோன்றாதவர்கள்தான் திருடுகிறார்கள் போலிருக்கிறது.

வசந்தா மேடம் திட்டவே இல்லை. மூன்றாம் வருடம் ஷூ அலமாரியின் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார். "பத்திரமா வெக்கறதுல நீ கெட்டிக்காரிம்மா." அந்த வருடம் நான் ஆடியது மொத்தம் ஆறு நிமிடம்.

நான்கு வருடம் கழித்துக் காங்கேயத்தில் எனக்குக் கல்யாணம். மெர்சி வந்தாள். எல்லோரும் செருப்பை மண்டப வாசலில் விட்டுவிட்டு வர, அவள் மட்டும் தன் செருப்பை ஒரு மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா பார்த்துவிட்டார். "ஏனுங் அம்மணி, செருப்பை வெளிய உடலீங்களா?"

"பொண்ணு பூங்கொடியாச்சுங்களேப்பா, செருப்புக்குப் பயம்தான்" என்று தொடங்கி, மெர்சி முழுக்கதையையும் சொல்லிவிட்டாள். நான் மணவறையில் மாலையோடு உட்கார்ந்து, முதலில் அப்பா வாய் பிளப்பதையும், பிறகு அத்தை சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. தாலி கட்டுவதற்குள் சமையல்காரர் வரை போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷத்தில் செருப்பு காணாமல் போனாலும் யாரும் வாசலில் தேடுவதில்லை. நேரே என்னிடம் வந்துவிடுகிறார்கள். போன ஐப்பசியில் அத்தையின் பேத்தி கல்யாணம். மாப்பிள்ளையின் தம்பிக்குச் செருப்பைக் காணோம். மொத்தக் கூட்டமும் சிரித்துக்கொண்டே என்னைச் சுற்றி நிற்க, என் மகளே என் பையை வாங்கித் திறந்தாள்.

உள்ளே ஒரு ஜோடி செருப்பு இருந்தது. என்னுடையதுதான், புதுசு, வாசலில் விட மனசில்லாமல் உள்ளே எடுத்து வந்திருந்தேன். இன்றுவரை ஒருத்தரும் நம்பவில்லை.