11.10 முதல் 11.30 வரை துக்கம்

நேரம் தவறாதவனை ஊர் மதிக்கும் என்று சின்ன வயதில் யாரோ எனக்குச் சொல்லிவிட்டார்கள். மதிப்பது வேறு, வீட்டுக்குக் கூப்பிடுவது வேறு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

நான் தினமும் டைரி எழுதுகிறவன். எழுந்த நேரம், குளித்த நேரம், பால் வந்த நேரம் எல்லாம் அதில் இருக்கும். (என் மனைவி சுமதி கோபித்துக்கொண்ட நேரமும் இருக்கும். சமாதானமான நேரம் பல பக்கங்களில் காலி.)

சுமதிக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன், ராஜமாணிக்கம். மஸ்கட்டில் வேலை. அவர் மகள் கல்யாணத்தில் நான் ஒரு தவறு செய்தேன். முகூர்த்தம் முடிந்து எட்டு நிமிடம் கழித்துத்தான் தாலி ஏறியது என்று மாப்பிள்ளையின் அப்பாவிடம் என் கைக்கடிகாரத்தைக் காட்டிச் சொன்னேன். மனிதருக்கு உபகாரம் செய்வதாக நினைத்தேன். அதன் பிறகு ஆறு வருடம் மச்சான் எங்கள் வீட்டு வாசல் ஏறவில்லை.

ஏழாவது வருடம் சுமதியிடம் போனில், "லீவுல வர்றேன். ஒரு நாள் தஞ்சாவூர்ப் பக்கம் எல்லாம் சுத்தி நல்லா சாப்பிடணும். உன் வீட்டுக்கும் வர்றேன்" என்றார். சுமதி போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் (சரியாகச் சொன்னால் இருபத்தெட்டு நிமிடம்) அழுதாள்.

என்னைக் கூப்பிட்டு ஒன்றுதான் சொன்னாள். "நீங்க வாயத் தொறக்க வேணாம். வேணுங்கறத வாங்கிக் குடுங்க. சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டிட்டு வாங்க."

நான் அட்டவணை போட்டேன். காலை 6.40 காபி. 7.15 – 7.50 இட்லி, கடப்பா. 9.30 திருவையாற்றில் அசோகா அல்வா. 12.30 கும்பகோணத்தில் சாப்பாடு. 2.00 கொழுந்து வெற்றிலை. 3.30 டிகிரி காபி. 5.30 தஞ்சாவூர் கீழவாசலில் பஜ்ஜி. 7.30 வீட்டில் சுமதி கையால் விரால் மீன் குழம்பு.

"முதல்ல வீட்டுக்கு வரட்டுமே. குளிச்சிட்டுக் கெளம்பட்டும்" என்றாள் சுமதி.

வீட்டுக்கு வந்தால் பேச்சிலேயே நாற்பது நிமிடம் போய்விடும் என்று சொல்லி, தஞ்சாவூர் ரயிலடிக்கு எதிரே லாட்ஜில் அறை போட்டு, அதையும் டைரியில் எழுதினேன். இந்த ஒரு வரிக்காக அந்த டைரியைக் கிழித்துப் போட்டிருக்கலாம்.

சுற்றப் போவதற்கு முதல் நாள் மச்சான் போனில் கூப்பிட்டார். உமையாள்புரம் பக்கம் அவருடைய பள்ளிக்கூடச் சிநேகிதர் பழனிவேல் இறந்து பத்து நாள் ஆகியிருந்தது. துக்கம் கேட்க வேண்டும். வரைபடத்தைப் பார்த்தேன். திருவையாற்றிலிருந்து கும்பகோணம் போகிற பாதையிலேயே ஊர் இருந்தது. அசோகாவுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவில் "11.10 – 11.30 துக்கம்" என்று எழுதினேன். கச்சிதமாகப் பொருந்தியதில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

காலையில் எல்லாம் நன்றாகவே நடந்தது. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அந்தக் கடப்பாவை இட்லி மேல் ஊற்றி மச்சான் கண்ணை மூடிக்கொண்டார்.

"மஸ்கட்ல இது கனவுல வரும் மாப்ள."

கனவு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. இன்னும் இரண்டு இட்லி சொல்லப் போனார். "7.50 ஆயிடுச்சு மச்சான்" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டார்.

திருவையாற்றில் அசோகாவை இலையில் வாங்கித் தின்றோம். சுமதிக்கு ஒரு கிலோ பொட்டலம். துக்க வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது வெயில் கொளுத்தியது. காருக்குள் வைத்தால் நெய் பிரிந்துவிடும் என்று பொட்டலத்தைக் கையிலேயே எடுத்துக்கொண்டேன்.

பழனிவேலின் மனைவி கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். மச்சான் அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்தேன். நெய் கசிந்து வேட்டியில் ஒரு வட்டம் போட்டது. கூடம் முழுக்க ஏலக்காய் மணம்.

இறந்தவரின் அண்ணன் மெல்லக் கேட்டார். "அது என்னங்க கையில?"

"அசோகாங்க. திருவையாறு. சூடா இருக்கு."

அவர் பொட்டலத்தைப் பார்த்தார். "சக்கரையிலதாங்க என் தம்பி போனான்."

அதோடு வாயை மூடியிருக்கலாம். மணி 11.30. எழுந்தேன். கைகூப்பி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அப்ப நாங்க போயிட்டு வர்றோங்க" என்றேன்.

துக்க வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போவதுதான் முறை. 'வர்றேன்' என்றால் இன்னொரு துக்கத்துக்கு வருவதாக அர்த்தம். பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். வாசல்படி தாண்டிய பிறகு தெரிந்தது. திரும்பி, திருத்தினேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க வரமாட்டோம்."

இன்னும் தெளிவாக்க வேண்டும் என்று பட்டது.

"எதுக்கும் வரமாட்டோம். இனிமே வரவே மாட்டோங்க."

பழனிவேலின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுதாரா, சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கார் கபிஸ்தலத்தைத் தாண்டியது. மச்சான் சன்னலைப் பார்த்தபடி சொன்னார். "சாகறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்கு போன் பண்ணான். வேலையில இருந்தேன், எடுக்கல."

நான் வண்டியை ஓட்டினேன்.

"இட்லிக்கு முப்பத்தஞ்சு நிமிஷம் போட்டிருக்கீங்க மாப்ள. அவனுக்கு இருவது."

அட்டவணை அவர் மடியில் விரித்தபடி இருந்தது. மடித்து என் பக்கம் வைத்தார்.

"கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விட்டுருங்க."

"சுமதி காத்துக்கிட்டு இருப்பா மச்சான்."

"துக்க வீட்டுலேர்ந்து நேரா தங்கச்சி வீட்டுக்கு வர்ற மாதிரி யாராவது ஏற்பாடு பண்ணுவாங்களா?"

"வழியில எங்கயாவது குளிச்சிட்டு..."

"அதுக்கு எத்தன நிமிஷம் போட்டிருக்கீங்க?"

பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர் திரும்பிப் பார்க்கவில்லை. கும்பகோணத்துச் சாப்பாடும் வெற்றிலையும் காபியும் டைரியில் அந்த நாளின் பக்கத்தில் டிக் போடாமல் இருக்கின்றன.

வீட்டில் சுமதி புதுப் புடவை கட்டியிருந்தாள். பின்னால் யாராவது வருகிறார்களா என்று என் தோளுக்கு மேலே பார்த்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே மீன் குழம்புச் சட்டியை மூடினாள்.

"வரவே மாட்டோம்னா சொன்னீங்க?"

"ஆமா."

தரையில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று நான் மணி பார்க்கவில்லை.

சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் கதை போய்விட்டது. எந்த விசேஷத்திலிருந்து கிளம்பினாலும் "வரமாட்டீங்கல்ல?" என்று கேட்டு வழியனுப்புகிறார்கள். மச்சானே மஸ்கட்டில் கூட இருப்பவர்களுக்கு இதை நடித்துக் காட்டுகிறாராம். இப்போது ஞாயிறு தவறாமல் தங்கையோடு பேசுகிறார். இரண்டு பேரும் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடிந்ததும் சுமதி, "எப்பண்ணே வீட்டுக்கு வர்றீங்க?" என்பாள்.

"வர்றேம்மா, வர்றேன்" என்பார் அவர்.

ஐந்து வருடமாக அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.