ஒன்றும் அவரே, இரண்டும் அவரே

மனிதர்களில் பொத்தான்காரர் என்று ஒரு வகை உண்டு. நீங்கள் அவரைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காவிட்டாலும் அவர் உங்களை விடமாட்டார். என்ன வேலையாக அவர் வீட்டுக்குப் போனாலும், செருப்பைக் கழற்றும் முன்பே கையைப் பிடித்துக் காரடிக்கு இழுத்துப் போய், கதவைத் திறந்து, ஓட்டுபவர் இருக்கையில் உங்களை அமுக்கி உட்காரவைத்து, "இது மோட்டார் சீட்டுங்க, கையால இழுக்கிற சமாசாரமே இல்ல" என்று ஆரம்பித்தாரானால், வந்த வேலை உங்களுக்கே மறந்துபோகும்.

பாடம் இதுதான். இருக்கையின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சுகளை அழுத்தி முன்னே, பின்னே, மேலே, கீழே என்று நகர்த்தி, முதுகுச் சாய்வைச் சரிசெய்து, கண்ணாடிகளையும் திருப்பிக்கொள்ள வேண்டும். பிறகு கதவில் 'செட்' என்றிருக்கும் பொத்தானைத் தட்டிவிட்டு, உடனே பக்கத்தில் உள்ள ஒன்றாம் எண்ணையோ இரண்டாம் எண்ணையோ தட்ட வேண்டும். 'பீப்' என்று ஒரு சத்தம். முடிந்தது வேலை. அதன்பின் யார் எப்படிக் கலைத்துவைத்தாலும், அந்த எண்ணை அழுத்தினால் இருக்கை முனகிக்கொண்டே உங்கள் அளவுக்கு வந்து நின்றுவிடும். "சொன்னா கேட்கும்" என்பார் கண்கலங்காத குறையாக. பாவம், மேலதிகாரி முதல் பெற்ற மகள் வரை யாருமே அவர் சொல்லிக் கேட்டதில்லை. பாசம் பொங்காதா?

இரண்டு பேர் ஓட்டும் காரில் இரண்டு பொத்தான்கள். ஆளுக்கொன்று என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றுகிறது. நாம் விவரம் போதாதவர்கள். நம்மவர் ஏற்பாட்டில் ஒன்றாம் எண், சாப்பாட்டுக்கு முந்தைய அவர். இரண்டாம் எண், சாப்பாட்டுக்குப் பிந்தைய அவர்; நான்கு விரற்கடை பின்னால், சற்றே சாய்வாக.

இத்தனைக்கும் அவர் ஓட்டுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் அலுவலக வேனில் தூங்கிக்கொண்டே போய்விடுவார். தினமும் ஓட்டுவது, மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி. அவரைவிட ஒரு சாண் குட்டை. திங்கட்கிழமை காலையில் அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்தால் கால் பிரேக்குக்கு எட்டாது. நேரமோ ஓடும். சுவிட்சுகளைத் துழாவி முக்கால்வாசி சரிசெய்து, மீதிக்கு முதுகில் ஒரு தலையணையைச் செருகிக்கொண்டு கிளம்புவார். நாலு மாதமாக முதுகுவலி.

"ஏங்க, அந்த ரெண்டாம் நம்பரை எனக்குக் குடுத்துடுங்களேன்."

"குடுக்கலாம்தான். விருந்துக்குப் போயிட்டு வந்தா எனக்கு மூச்சு முட்டுமே? நீ சின்ன உடம்பு, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்."

கேட்டுக் கேட்டு அலுத்த மனைவி, ஒரு சனிக்கிழமை தானே தன் அளவுக்கு உட்கார்ந்து 'செட்', 'இரண்டு' என்று தட்டிவிட்டார். மறுநாள் நண்பர் வீட்டு விருந்தில் மூன்று ஆள் சாப்பாட்டை ஒற்றை ஆளாக முடித்த நம்மவர், வழியனுப்ப வந்தவர்களைக் காரைச் சுற்றி நிறுத்திவைத்து, "இப்பப் பாருங்க" என்று இரண்டை அழுத்தினார். பின்னால் போக வேண்டிய இருக்கை முன்னால் கிளம்பியது. முழங்கால் முட்டியது. தொப்பை ஸ்டியரிங்கில் பதிந்து ஹாரன் அலறத் தொடங்கியது. தெரு முழுக்க எட்டிப் பார்த்தது.

"அது என் அளவுங்க" என்றார் பக்கத்தில் இருந்த மனைவி.

"என்னைக் கேக்காம எப்படி மாத்தலாம்?"

"நாலு மாசமா கேட்டுட்டுத்தானே இருந்தேன்."

அத்தனை பேர் சிரிப்பையும் வாங்கிக்கொண்டு வீடு வந்த மனிதர், காரை விட்டு இறங்கும் முன் செய்த முதல் காரியம் என்ன? 'செட்', 'இரண்டு', 'பீப்'. இழந்த ராஜ்யம் மீண்டது. வெட்கம் என்று ஒன்று இருந்தால் அல்லவா?

அடுத்த வாரம் மனைவிக்கு முதுகு பிடித்துக்கொண்டு, காரிலிருந்து இறங்க முடியவில்லை. நம்மவர்தான் டாக்டரிடம் கூட்டிப் போனார். "வண்டி ஓட்டும்போது எப்படி உட்காருவீங்க?" என்று டாக்டர் கேட்டது மனைவியைத்தான். பதில் சொன்னது நம்மவர்.

"எங்க கார்ல மெமரி சீட்டு டாக்டர். ஆளோட அளவை அதுவே ஞாபகம் வச்சுக்கும்."

"நல்லதாப் போச்சு. அதுல இவங்க எத்தனாவது நம்பர்?"

மனிதர் தன் சட்டைப் பொத்தானைத் திருகத் தொடங்கினார். மனைவிதான் காப்பாற்றினார்.

"பரவாயில்ல டாக்டர். எனக்குப் பழகிடுச்சு."

என்ன ஜன்மமோ என்று நீங்கள் திட்டுவது கேட்கிறது. நானும் திட்டினேன். இதை எழுதி முடித்ததும் உள்ளே போய், "நம்ம வீட்ல நான் பண்றது ஏதாவது உனக்குச் சிரமமா இருக்கா?" என்று பெருந்தன்மையோடு கேட்டேன். என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழகிடுச்சு" என்றாள்.

உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்க என்ன இருக்கிறது என்கிறீர்களா? பொத்தான்காரரைக் கேட்டாலும் அதையேதான் சொல்வார்.